ஓபலின் குதிகால்

டார்லா அம்மாவின் வலது கால் சாக்ஸை உருட்டிக் கழற்றிவிட்டு இடது காலுக்கு வந்தாள். சவ வண்டி மலையேறி வருவதற்குள் குளிப்பாட்டி முடிக்க வேண்டும். பெற்றவளை அப்படியே தூக்கி அந்நியன் கையில் கொடுக்கிற வழக்கம் எங்கள் பள்ளத்தாக்கில் கிடையாது.

அம்மா உச்சிக் கோடையிலும் சாக்ஸ் போட்டவள். தூங்கும்போதும் அப்படித்தான். கேட்டால் கால் குளிரும் என்பாள். பெற்ற பிள்ளைகளே அவள் பாதத்தைப் பார்த்ததில்லை.

இடது சாக்ஸும் வந்தது. குதிகால் வெளுத்து, வழவழவென்று இருந்தது. டார்லா அதை விரலால் தடவினாள். விளக்கைக் கிட்டே இழுத்து மறுபடியும் தடவினாள். 

அங்கே ஒரு தீக்காயத் தழும்பு, அம்மா சாக்ஸால் மறைத்த தழும்பு, இருந்திருக்க வேண்டும். நாடே தலையில் வைத்துக் கொண்டாடிய அந்தப் புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. கிழக்கேயிருந்து ஒரு சரித்திரக்காரி வந்து, வீடு வீடாக உட்கார்ந்து கேட்டு எழுதியது. சுரங்கக் கம்பெனியின் கழிவு அணை உடைந்து, கரிவெள்ளம் இந்தப் பள்ளத்தாக்கையே வாரிக்கொண்டு போன கதை. அதற்குப் பெரிய பரிசு கிடைத்தது, பள்ளிகளில் பாடமாயிற்று. அதில் ஐந்து வயது ஓபல் செத்துப்போகிறாள். பள்ளிக்கூடத் தரையில் வரிசையாகக் கிடத்தியிருந்த உடல்களில், இடது குதிகால் தழும்பை வைத்துத் தாய் அவளை அடையாளம் காண்கிறாள். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அழாத பிள்ளை இல்லை.

ஆனால் ஓபல் என்பது அம்மாதான்! செத்தவள் கல்யாணம் கட்டி, இரண்டு பிள்ளை பெற்று, பள்ளிச் சமையலறையில் பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்தாள்.

மேட்டிலிருக்கும் குடும்பக் கல்லறையில், பாட்டியின் குழிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழி உண்டு. வெள்ளத்தில் ஒதுங்கிய யாரோ ஒரு பிள்ளை என்று வீட்டில் சொல்வார்கள். புத்தகத்தைப் படித்தவர்கள் காசு சேர்த்து, அதன் தலைமாட்டில் ஓபலின் பெயரை வெட்டிக் கல் நட்டுவிட்டார்கள். வசந்தம் வந்தால் பொம்மைகளோடு வருவார்கள். அம்மா மேடேறிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். "செத்த பொண்ணு நான்தான். தொட்டுப் பாருங்க, சூடா இருக்கேனா?" என்பாள். அவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விழிப்பார்கள்.

"படிச்சவ எழுதின லட்சணத்தப் பாரு" என்பான் டார்லாவின் தம்பி ராய்ஸ். வீட்டில் அது பெரிய தமாஷ்.

இன்று காலையில் அம்மா கண்ணைத் திறந்தபோது அவளிடமிருந்து வந்தது அவள் குரல் இல்லை. நாலைந்து வயதுப் பிள்ளையின் குரல் அது. 

"அவ பக்கத்துல என்னைப் போடாதீங்க. அவ இடம் அது. அவளுக்குக் கோவம் வரும்."

"எவ பக்கத்துலம்மா?"

அம்மா தன் உள்ளங்கையால் தன் வாயையே பொத்திக்கொண்டாள். அப்படியே போய்விட்டாள். அந்தக் கையைப் பிரித்தெடுக்க டார்லா படாதபாடு பட்டாள்.

ஜன்னல் வழியே பார்த்தாள். ராய்ஸ் தோளில் கடப்பாரையோடு மேடேறிக்கொண்டிருந்தான். பின்னால் அம்மாவின் அண்ணன் கிளெல் மாமா, மண்வெட்டியை ஊன்றி ஊன்றிப் போனார். எங்கள் குழிகளை நாங்களேதான் வெட்டுவோம். ஆனால் கடப்பாரை எதற்கு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அம்மாவைப் போர்வையால் மூடிவிட்டு ஈரக்கையோடு ஓடினாள்.

"அந்தக் கல்லைத் தொடாதே!"

"ஏன் தொடக்கூடாது?" ராய்ஸ் கடப்பாரையைக் கல்லின் அடியில் சொருகியிருந்தான். "இத்தனை வருஷமா எங்கம்மாவப் பொய்யாச் சாகடிச்சு வெச்சிருந்தாங்க. இன்னைக்குப் புடுங்கி ஆத்துல வீசறேன் பாரு. இதே இடத்துல அம்மா பேருல நல்ல கல்லா நிக்கும்."

டார்லா அவனை விட்டுவிட்டு மாமாவிடம் திரும்பினாள். "மாமா, அம்மா குதிகால்ல ஒண்ணுமே இல்ல."

கிளெல் மாமா மண்வெட்டியைக் கீழே வைத்தார். அந்தச் சின்னக் குழியைக் காட்டினார்.

"ஓபல் இங்கதான் இருக்கா" என்றார். "எங்க மம்மி, உங்க பாட்டி, அவளும் நானும்தான் புதைச்சோம். மறுநாள் சர்ச் படிக்கட்டுல ஒரு பிள்ளை நின்னுது. உடம்பெல்லாம் கரிச்சேறு. பேச்சு வரல. அதோட ஆளுங்க ஒருத்தரும் மிஞ்சல. மம்மி தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு வந்து, 'ஓபல் வந்துட்டா'ன்னா. நாங்களும் ஓபல்னோம்."

"ஊருல ஒருத்தர்கூடவா கேக்கல?"

"எல்லா வீட்லயும் எழவு. யாரு யாரைக் கேப்பா? கேட்டிருந்தா மம்மி உசுரோட இருந்திருக்க மாட்டா."

ராய்ஸ் நிமிர்ந்தான். "அப்போ அந்தப் புத்தகக்காரி?"

"நான்தான் சொன்னேன். எந்தங்கச்சி செத்ததுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட யாரும் விடலடா. யாராவது அழட்டுமேன்னு பாதி சொன்னேன். மீதிய சொல்ல வாய் வரல."

ஆக, படித்தவள் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள்.

"அம்மாவுக்கு வேற பேரு இருந்திருக்குமே மாமா?" டார்லாவுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. "என்ன பேரு?"

"ஒரு தடவை தூக்கத்துல சொல்ல வந்தா. மம்மி பாய்ஞ்சு வாயைப் பொத்திட்டா. எனக்குக் காதுல விழல. அப்புறம்... அவளே பொத்திக்கப் பழகிட்டா."

டார்லா தன் கையைப் பார்த்தாள். காலையில் அந்த விரல்களைப் பிரித்த கை. பிரிக்காமல் இருந்திருக்கலாமோ என்று தோன்றியது. இல்லை, இன்னும் கொஞ்சம் முந்திப் பிரித்திருக்க வேண்டும். ராய்ஸ் கடப்பாரையை உருவிக் கீழே போட்டான்.

அடக்கத்தன்று குழி பாட்டிக்குப் பக்கத்தில் இல்லை. தள்ளி, வேலியோரம் வெட்டியிருந்தார்கள். ஊர் முணுமுணுத்தது. பாஸ்டர் பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டு டார்லாவின் காதருகே குனிந்தார்.

"நம் சகோதரி ஓபல்னு ஆரம்பிக்கட்டுமா?"

"வேண்டாம்."

"பேரு சொல்லாம எப்படிம்மா மண்ணுக்குக் குடுக்கிறது?"

"எங்கம்மான்னு சொல்லுங்க. அது பொய் இல்ல."

பாஸ்டர் ராய்ஸைப் பார்த்தார். அவன் தொப்பியைக் கையில் பிடித்தபடி தலையாட்டினான். அவரும் அப்படியே சொன்னார்.

எல்லோரும் இறங்கிப் போன பிறகு டார்லா மட்டும் நின்றாள். கல் வரும்வரைக்கும் இருக்கட்டும் என்று, சவ அடக்கக்காரர்கள் கண்ணாடி போட்ட ஒரு தகரச் சட்டத்தில் ஓபல் என்ற பெயரட்டையைச் சொருகித் தலைமாட்டில் ஊன்றியிருந்தார்கள். அவள் அந்த அட்டையை உருவி எடுத்தாள். மழை தூறத் தொடங்கியது. காலியான சட்டத்தின் கண்ணாடிக்குள் மழைத்தண்ணீர் அடியிலிருந்து மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.