கம்பெனி செட்டிங்

விஸ்வநத்தம் விலக்கில் சம்சுவின் ஒர்க்‌ஷாப் தகரக் கொட்டகைக்குள் அந்தக் கார் பானட்டைத் திறந்துகொண்டு நின்றது. ஸ்டியரிங்குக்கு அடியிலிருந்து கிளம்பிய ஒரு வயர் ஸ்டூலில் இருந்த லேப்டாப்பில் போய்ச் சேர்ந்திருந்தது. பக்கத்தில் குத்தவைத்திருந்த டிரைவர் பெத்தணன், பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் ரூமுக்கு வெளியே உட்கார்ந்தவனைப்போல, மெக்கானிக் சம்சுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் ஓடும் எழுத்து அவனுக்கு எங்கே விளங்கப்போகிறது! சம்சுவின் முகம் சுளிக்கிறதா, தெளிகிறதா என்று பார்க்கத்தான் அவனுக்குத் தெரியும்.

நேற்று மதுரை போகிற வழியில், முதலாளி வெள்ளைத்துரை பின்சீட்டில் இருக்கும்போதே, வண்டி வெட்டி வெட்டி இழுத்துக் கரும்புகை கக்கி நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரன் மயிரிழையில் ஒடித்துத் திருப்பிக்கொண்டு போனான். வெடவெடத்து இறங்கிய முதலாளி கேட்ட முதல் கேள்வி, "வண்டிய என்னலே பண்ணுன?"

பெத்தணன் உள்ளதைச் சொல்லிவிட்டான். அதுதான் வினையாகப் போனது. முந்தின நாள் எம். புதுப்பட்டி பட்டாசு பேக்டரி குடோனில் தீபாவளி கிஃப்ட் பாக்ஸ்களை டிக்கியில் ஏற்றும்போது அவன் பேட்டரியில் வயர் மாட்டுகிற டெர்மினலைக் கழற்றியிருந்தான். பட்டாசு ஏற்றுகிற எந்த வண்டிக்கும் அதுதான் சட்டம். வெள்ளைத்துரையே கேட்டில் பெயிண்டால் எழுதிப் போட்ட சட்டம். ஒரு பொறி பறந்தால் போதும், குடோனும் இருக்காது, ஆளும் இருக்காது. வருஷக்கணக்காகக் கம்பெனி லாரி ஓட்டிய கை அவனுடையது. குடோன் வாசலில் வண்டி நின்றதும் அதுவாக ஸ்பேனரைத் தேடும். லாரியா, காரா என்றெல்லாம் அந்தக் கை யோசிக்கவில்லை.

"டெர்மினலக் கழட்டுனா கம்ப்யூட்டர் போயிரும்ப்பா, அந்தாளுக்கு என்ன தெரியும்" என்று முதலாளி மகன் ராம்குமார் போனில் சொன்னது, ரோட்டோரம் நின்ற பெத்தணன் காதிலும் விழுந்தது. அப்போதிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வேலை போனால் அவனுக்கு வேறு போக்கிடம் கிடையாது. லாரிகளை விற்றுவிட்டுக் கம்பெனி லோடு முழுவதையும் டிரான்ஸ்போர்ட்டுக்கு விட்டாயிற்று. லாரிக்கு முந்தி அவன் பேக்டரியில் பட்டாசு மருந்து கலக்கும் ரூமில் இருந்தவன். அலுமினியப் பொடி நெஞ்சில் இறங்கி, படுத்தால் மூச்சு விசிலடிக்கும். திரும்ப அந்த ரூமுக்குள் கால் வைத்தால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கார் வேலை கிடைத்த அன்றைக்கே அவன் மனைவி ராமுத்தாய் இருக்கன்குடி ஆத்தா கோயிலுக்கு நடந்தே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

சம்சு நிமிர்ந்தான்.

"அண்ணே, டெர்மினலக் கழட்டுனதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"நெசமாவா பாய்?"

"அதக் கழட்டுனா கொஞ்ச தூரம் மந்தமா ஓடும், அப்புறம் தானா சரியாயிரும். இது வேற சங்கதி. கம்ப்யூட்டருக்குள்ள கார் கம்பெனிக்காரன் வச்சிருந்த அளவையே யாரோ மாத்தி எழுதியிருக்காக. வேகம் வேணும்னு டீசலையும் காத்தையும் அளவு மீறி ஊட்டிவிட்டா இஞ்சின் தாங்குமா? முடியலன்னு கையத் தூக்கிருச்சு."

"போன மாசம் சின்ன மொதலாளி கோயமுத்தூர் கொண்டுபோயிட்டு வந்தாரு பாய். வந்ததுல இருந்து தொட்டாப் போதும், பிச்சுக்கிட்டுல்ல போச்சு!"

"அதேதான். இந்தா, எல்லாம் உள்ளயே கெடக்கு. மொதலாளி வரட்டும், நான் காட்டுறேன்."

அம்மாடி! பெத்தணனுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து எதிர்க்கடைக்கு ஓடி இரண்டு டீயும் சூடாக வடையும் வாங்கி வந்தான். வடையைப் பிட்டு வாயில் போட்டபோதுதான் எம்புட்டுப் பசி என்பது தெரிந்தது.

டீயை முடிப்பதற்குள் ராம்குமார் பைக்கில் வந்து இறங்கினான். பெத்தணன் அங்கன நிற்பதையே கவனிக்காதவன்போல நேரே சம்சுவிடம் போனான்.

"பாய், அப்பா வர்றதுக்குள்ள பழைய கம்பெனி செட்டிங்குக்கே மாத்திருங்க. கோயமுத்தூர்ல போட்டது ஒண்ணுகூட உள்ள இருக்கக் கூடாது. நோண்டுன வண்டின்னு தெரிஞ்சா சர்வீஸ்ல வாரண்டி தரமாட்டான். அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைய வண்டிப் பக்கமே விடமாட்டாரு."

சம்சு பெத்தணனைப் பார்த்தான். "மாத்துறதுக்கு முந்தி மொதலாளி ஒருதரம் பாத்துட்டாருன்னா..."

"அவரு எதுக்குப் பாக்கணும்? பேக்டரிக்கு ஆள் ஏத்துற நம்ம வேன் அம்புட்டும் ஒங்ககிட்டதான வருது பாய்?" சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

சம்சு லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டான். பெத்தணன் துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

"சின்ன மொதலாளி, எம்மேல தப்பில்லன்னு ஐயாட்ட ஒரு வார்த்த..."

"நான் பாத்துக்கிறேன் பெத்தணா. பயப்படாத. வண்டி சரியாச்சுன்னா அவரே மறந்துருவாரு."

அந்தப் 'பயப்படாத' போதுமாக இருந்தது. பெத்தணன் கையெடுத்துக் கும்பிட்டான்.

சம்சு வேலையைத் தொடங்கினான். லேப்டாப்பில் பேட்டரி நிற்காது, கரண்டில்தான் ஓடும். "பாதியில கரண்டு போனா காரோட கம்ப்யூட்டர் செத்துரும்ணே, ஃபேனக்கூடப் போடாதீக" என்றான். திரையில் ஒரு பச்சைக்கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது. அந்த வருஷம் கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. பெத்தணன் வேர்த்து ஒழுக, மேலே எரிந்த பல்பைப் பார்த்துக்கொண்டே, கரண்டு போயிரக் கூடாது ஆத்தா, போயிரக் கூடாது என்று வாய்க்குள் வேண்டிக்கொண்டிருந்தான். போகவில்லை. கோடு முழுவதும் பச்சையாயிற்று.

"இனி இஞ்சினுக்கு ஏத்தாப்ல கம்ப்யூட்டர் புதுசாப் படிக்கணும். ஒரே சீரா ஓட்டிட்டு வாங்கண்ணே, மிதிச்சுறாதீக" என்றான் சம்சு. அவன் பெத்தணன் முகத்தைப் பார்க்காமல் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

ஏழாயிரம்பண்ணை ரோட்டில் இரண்டு பக்கமும் கரிசல் காடு காய்ந்து கிடந்தது. பெத்தணன் காலை அழுத்தாமல், கியரை அடித்து மாற்றாமல், பிள்ளையைத் தூங்கவைக்கிறவன் மாதிரி ஓட்டினான். முதலில் லேசாக உதறியது. ஏழாயிரம்பண்ணையைத் தொட்டுத் திரும்பும்போது அந்த உதறலும் அடங்கிவிட்டது. அட, எம்புட்டு நல்ல வண்டி! இதைப் போய்க் கெடுத்து வைத்திருந்தார்களே! அவனுக்கு வாய்விட்டுச் சிரிக்கவேண்டும்போல இருந்தது.

திரும்பி வந்தபோது கொட்டகை நிழலில் நாற்காலி போட்டு வெள்ளைத்துரை உட்கார்ந்திருந்தார். பெத்தணன் இறங்கி, சாவியோடு ஓடிப்போய் நின்றான்.

"எப்படி இருக்கு?"

"ஜம்முனு இருக்குங்கய்யா. ஒரு உதறல் கெடையாது."

"அப்ப வண்டியில கோளாறு இல்ல. நீ கழட்டுனதுதான் கோளாறு."

பெத்தணன் ராம்குமாரைத் திரும்பிப் பார்த்தான். அவன் செல்போனில் எதையோ அமுக்கிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"ஐயா... கோயமுத்தூர்ல வச்சு வேகத்துக்காக உள்ள மாத்தியிருக்காக ஐயா. பாய் கம்ப்யூட்டர்ல பாத்தாரு. நீங்களே கேளுங்க."

"அப்படியா பாய்? இருந்தாக் காட்டு, பாப்போம்."

சம்சு கழிவுத்துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். கையில் அழுக்கு ஒன்றுமில்லை.

"இப்ப... கம்பெனி செட்டிங்தான் மொதலாளி உள்ள இருக்கு."

"கேட்டுக்கிட்டயாலே? செய்யிறதையும் செஞ்சுட்டு எம்புள்ள மேலயே பழியப் போடுறயா?"

"ஐயா எழுதிப்போட்ட சட்டம்தானய்யா, டெர்மினலக் கழட்டணும்னு..."

"அது லாரிக்குலே!" வெள்ளைத்துரை எழுந்து, பெத்தணன் கையிலிருந்த சாவியை வாங்கி மகனிடம் கொடுத்தார். கொஞ்சம் தணிந்து அவரே சொன்னார்: "ரொம்ப வருஷம் நம்மகிட்ட கெடந்தவன், பட்டினி போட மாட்டேன். சீசன் நேரம், மருந்து கலக்குற ரூம்ல ஆள் கொறவா இருக்கு. நாளைக்குக் காலையில வேன்ல ஏறி வந்துரு."

"ஐயா, நெஞ்சு..."

"வாயில துணியக் கட்டிக்கிட்டா ஒண்ணும் செய்யாது."

அப்பாவும் மகனும் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பைக்கை அங்கேயே விட்டுவிட்டு ராம்குமார் வண்டியை எடுத்தான்.

கார் ரோட்டில் ஏறிய பிறகுதான் பெத்தணனுக்கு உள்ளங்கால் சுட்டது. ஓட்டும்போது செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுவது அவன் வழக்கம். செருப்பு காரோடு போய்க்கொண்டிருந்தது. "சின்ன மொதலாளி!" என்று கையைத் தூக்கிக்கொண்டு உச்சிவெயிலில் தார்ரோட்டில் கொஞ்ச தூரம் ஓடினான். கார் ஒரு வெட்டு இல்லாமல், துளிப் புகை இல்லாமல், சீராகப் போய் விலக்கில் திரும்பியது.