முப்பதில் ஒன்று, மறுபடி முப்பது

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஜெராக்ஸ் பிரதியிலிருந்து கிடைத்தது. கிடைத்தது என்பது நாகரிகத்துக்குச் சொல்வது. எடுத்தேன்.

படப்பை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் நான். யார் பட்டா யார் பெயருக்கு மாறியது, எந்த வீட்டுப் பையன் எத்தனை பாடத்தில் கோட்டை விட்டான், எல்லாம் என் மெஷின் கண்ணாடிமேல் குப்புறப் படுத்து எழுந்துதான் போகும். படிக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். கண் இருக்கிறதே, என்ன செய்ய?

2011 ஐப்பசியில் ஒரு மழைக் காலையில் முத்துச்செல்வி இரண்டு தாள்களை நீட்டி, தாளுக்கு ஒரு காப்பி கேட்டாள். உள்ளங்கையால் கட்டங்களை மூடியபடியே நீட்டினாள். மூடிக்கொண்டு நீட்டுகிற தாளை யாராவது சும்மா விடுவார்களா? அவள் சில்லறைக்காகப் பைக்குள் குனிந்த நேரத்தில் இன்னொரு காப்பி எடுத்து இழுப்பறையில் போட்டேன். பிறகு எடுத்துப் பார்த்தால் ஒன்றிலிருந்து முப்பது வரை எண்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே இங்கிலீஷில் ஏதோ. ஒன்றும் விளங்கவில்லை. மூடிவைத்தேன்.

முத்துச்செல்விக்கு இருபத்தொன்பது வயது. வள்ளியூர்ப் பக்கம். ஒரகடத்தில் கைக்குழந்தைகளுக்குப் பால்பவுடர் செய்யும் ஒரு கம்பெனியில் லேப் வேலை. எங்கள் தெருவில் பாஞ்சாலி வீட்டு மாடியில் ஒற்றை அறை. கல்யாணமாகி நாலு வருஷம் குழந்தை இல்லையென்று புருஷன் அனுப்பிவிட்டவள். (இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வந்த மூன்றாம் மாதம் கோர்ட்டுக் காகிதத்தை ஜெராக்ஸ் எடுக்க வந்தாள்.)

2

எப்படி ஆரம்பிப்பது என்று நிறையத் தாளை வீணாக்கினேன்.

"வெள்ளை வெளேரென்ற பவுடருக்குள் எமன்" (வேண்டாம். எமன்மேல் பழியைப் போட்டால் மனுஷர்கள் எல்லாரும் தப்பித்துவிடுவார்கள்.)

"முத்துச்செல்வி நேர்மையான பெண். அவள் ஒருபோதும்" (இதுவும் வேண்டாம். கையெழுத்துப் போட்டாளே.)

"க்ரோனோபாக்டர் என்னும் கிருமியானது" (பாடப்புத்தகம். ஆனால் இதைச் சொல்லாமல் கதை நகராது.)

சரி, பாடமே இருக்கட்டும். அந்தக் கிருமிக்குத் தண்ணீர் இல்லாவிட்டாலும் கவலையில்லை. காய்ந்த பவுடருக்குள் வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் பட்டால் எழுந்துகொள்ளும், பெருகும். நம்மைப் போன்ற தடித்தோல்களை ஒன்றும் செய்யாது. மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைக்குள் போனால், எப்போதாவது ஒரு குழந்தைக்குத்தான், மூளை உறை வரைக்கும் போய்விடும். அதன்பின் டாக்டர்களே குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசுவார்கள்.

அதனால் பவுடர் நிரப்புகிற கூடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஆகாது. தரையைக்கூட ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. மெஷின் வைத்து உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். முத்துச்செல்வி என் கடைக்கு வந்ததற்குப் பத்து நாள் முன்னால் அடித்த மழையில் கூரை ஒழுகியது. யாரோ ஒரு புண்ணியவதி, சுத்தமாக இருக்கட்டும் என்று, ஈரத் துடைப்பத்தைப் போட்டுத் தேய்த்து வைத்தாள்.

3

நான் அந்த லேபுக்குள் போனதில்லை. வாட்ச்மேன் விடமாட்டான். முத்துச்செல்வி சொன்னது ஏழெட்டு வரி. மிச்சம் என் கைச்சரக்கு.

ஒரு பேட்ச் பவுடரிலிருந்து முப்பது இடத்தில் பத்துப் பத்து கிராம் எடுத்து ஊறவைத்து, வளரவிட்டு, தட்டில் தீற்றிப் பார்ப்பார்கள். நாலு நாள் வேலை. நாலாம் நாள் பதின்மூன்றாம் தட்டை வெளிச்சத்தில் பிடித்தாள் முத்துச்செல்வி. நீலமும் பச்சையுமாகப் புள்ளிகள். அழகாக இருக்கிறதே என்றுதான் முதலில் தோன்றியதாம். அப்புறம்தான் அது அந்தக் கிருமியின் நிறம் என்று உறைத்திருக்கிறது.

மேனேஜர் நரசிம்மன் தட்டைத் தொடாமலே பார்த்தார்.

"உன் கையிலேர்ந்து வந்திருக்கும்மா. ரிப்பீட் பண்ணு."

"சார், ஒண்ணும் போடாம வச்ச தட்டு சுத்தமா இருக்கு. என் கையிலருந்து வந்திருந்தா அதுலயும் வந்திருக்கணும்லா?"

"அப்ப என்னங்கறே? பேட்ச் மொத்தத்தையும் கொட்டிடலாமா?"

"கொட்டணும் சார்."

"ரிப்பீட் பண்ணும்மா."

"ஒரு மூட்டை உளுந்துல முப்பது பிடி அள்ளினேன் சார். ஒரு பிடில கல்லு. மறுபடி முப்பது பிடி அள்ளி கல்லு இல்லன்னு வைங்க. மொதல்ல பாத்த கல்லு எங்க போச்சு?"

நரசிம்மன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேல நான் பதில் சொல்லணும். எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கும்மா."

(இந்த இரண்டு பெண்கள் நான் சேர்த்தது. முதல் மூன்று தடவை அவரை வில்லனாக எழுதினேன், மேஜையைத் தட்ட வைத்தேன். முத்துச்செல்வி கேட்டால் சிரிப்பாள். அவர் குரலை உயர்த்தவே இல்லையாம். டீ வாங்கிக் கொடுத்தாராம்.)

மறுபடி முப்பது. நாலு நாள். எல்லாத் தட்டும் சுத்தம்.

"பாத்தியா?" என்றார் நரசிம்மன். அவர் முகத்தில் நிஜமான நிம்மதி இருந்தது. "இதுல கையெழுத்துப் போடு. பழசக் கிழிச்சிடு."

போட்டாள். ஊரில் தம்பி படிக்கிறான், அம்மாவுக்கு மருந்து என்றெல்லாம் அவளுக்காகக் காரணம் எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். பேனாவைக் கொடுத்தார்கள், போட்டாள். பழைய தாள் இரண்டையும் கிழிக்காமல் சாப்பாட்டுப் பையில் வைத்து எடுத்துவந்தாள். என் கடைக்கு வந்தது மறுநாள் காலை.

4

இந்தப் பகுதி இரண்டு பக்கத்துக்கு இருந்தது. இந்த நாட்டில் சட்டம், மேற்பார்வை, கம்பெனி, நாம் என்று ஆவேசமாக எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தேன். ஜெராக்ஸ் கடைக்காரிக்கு எதற்கு என்று

5

பாஞ்சாலியின் மகள் கவிப்பிரியா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒன்றரை மாதம் முன்னாலேயே பிறந்துவிட்டது பெண் குழந்தை. இரண்டு கிலோகூட இல்லை. தாய்ப்பால் போதவில்லை, டாக்டர் பவுடர் எழுதிக் கொடுத்தார். எந்தப் பவுடர் என்று பாஞ்சாலி கேட்டது மாடியில் இருந்தவளை.

"எங்க கம்பெனிதாம்மா. நான் பாக்காம ஒரு டப்பா வெளிய போவாது. தைரியமா வாங்குங்க."

சொன்னது ஆவணியில்.

அந்த மழைக்கு அப்புறம் முத்துச்செல்விக்கு ஒரு பழக்கம் வந்தது. கீழே இறங்கும்போதெல்லாம் அடுக்களைக்குள் எட்டிப் பார்ப்பாள், பவுடர் டப்பாவைக் கவிழ்த்து அடியில் இருக்கும் பேட்ச் எண்ணைப் படிப்பாள், பழையபடி வைப்பாள். கார்த்திகை தீபத்துக்கு நாலு நாள் இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கவிழ்த்தாள். அதே எண்.

டப்பா திறந்திருந்தது. இரண்டு கரண்டி குறைந்திருந்தது.

டப்பாவை அப்படியே எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்த் துவைக்கிற கல் பக்கம் கொட்டினாள். தேங்கியிருந்த மழைத்தண்ணீர் பாலாகிச் சாக்கடைப் பக்கம் ஓடியது. என் கடைப் பின்கதவைத் திறந்தால் அந்தக் கல்தான் தெரியும். பின்கதவை நான் மூடுவதே இல்லை.

பாஞ்சாலி ஓடிவந்தாள். "இன்னாடி பண்ற? கொயந்த குடிக்கிற பால கொட்டிக்கினு கீற!"

"கெட்டுப்போச்சும்மா."

"காலைலதாண்டி சீல ஒடச்சேன்! இன்னா கெட்டுச்சி? வாயத் தொறந்து சொல்லு!"

முத்துச்செல்வி சொல்லவில்லை. ஏன் என்று இந்த இடத்தில் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்று பார்க்கிறேன். பவுடரில் கிருமி என்றால் அடுத்த கேள்வி, நீதானே பார்த்தாய்? அதற்கடுத்தது, பார்த்துவிட்டா விட்டாய்? அவள் காலி டப்பாவைத் தரையில் வைத்தாள். அது மெதுவாக உருண்டது.

6

இனி வருவது என் பங்கு. இதை எழுதத்தான் நாலு வருஷம் ஆயிற்று.

கடை வாசலில் பூ விற்கும் கிளியம்மாள் கேட்டாள். "இன்னாக்கா சத்தம்? பால ஏன் கொட்னாளாம்?"

நான் சொன்னது இவ்வளவுதான்: "புள்ள இல்லன்னு புருஷன் தள்ளி வச்சவ. அடுத்தவ புள்ள பால் குடிக்கிறத எத்தினி நாளைக்குப் பாத்துக்கினு இருப்பா?"

காலையில் நான் ஒரு கேள்வியாக விட்டது மதியத்துக்கு மேல் கை கால் முளைத்து என்னிடமே திரும்பி வந்தது. தினமும் டப்பாவைக் கவிழ்த்துக் கவிழ்த்து வைத்தாளே, அது எதற்கு? அப்படிக் கவிழ்த்துவைத்தால் பால் குடிக்கும் குழந்தை தேறாதாம். வள்ளியூர்ப் பக்கம் அதற்கென்றே ஆள் இருக்கிறார்களாம். (படப்பையைத் தாண்டாதவர்களுக்கு வள்ளியூரில் என்ன நடக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்திருந்தது.)

விளக்கு வைப்பதற்குள் பாஞ்சாலி அவள் பெட்டியை மாடிப்படியில் இறக்கி வைத்தாள். முத்துச்செல்வி ஒரகடத்தில் பெண்கள் ஹாஸ்டலுக்குப் போனாள். கவிப்பிரியாவின் புருஷன் சுபாஷ் வீராப்பாகப் போய் அதே மருந்துக்கடையில் அதே பவுடர் இன்னொரு டப்பா வாங்கிவந்தான்.

7

இரண்டாம் நாள் மத்தியானம் முத்துச்செல்வி கடைக்கு வந்தாள். சண்டைக்கு என்று நினைத்து மெஷினுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"அக்கா, என்னயப் பத்தி நீங்க சொன்னதுதான் தெரு பூரா ஓடுது."

"நான் இன்னாத்த சொன்னேன்? சும்மா"

"சண்டைக்கு வரலக்கா. உங்க வாயில வந்தா எல்லாரும் நம்புதாவ. நான் சொன்னா கதவச் சாத்துதாவ. இன்னொண்ணு சொல்லுதேன், அதயும் பரப்புங்க."

சொன்னாள். லேப், பதின்மூன்றாம் தட்டு, நரசிம்மன், கையெழுத்து. எனக்கு விளங்கவில்லை என்றதும் தரையில் விரலால் கட்டம் போட்டுக் காட்டினாள். அப்போதுதான் இழுப்பறையைத் திறந்தேன். என் காப்பியைப் பார்த்து அவள் திட்டவில்லை. "இருக்கட்டும்" என்றாள். "என்கிட்ட இருக்கத விட உங்ககிட்ட இருக்கது நல்லது."

அவள் ஏன் கொட்டினாள் என்பதற்கான விடையை நாலு வாரமாக என் முழங்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு, வேறு விடை சொல்லியிருக்கிறேன்.

"மருந்துக்கடையில அந்த நம்பர்ல நாலு டப்பா இருந்துச்சு, நானே வாங்கிட்டேன். அஞ்சாவது சுபாஷ் வாங்கிட்டுப் போயிட்டாவ. அதிகாரிக்கு மனு போட்டிருக்கேன். என் பேரும் போட்டுத்தான். பதில் வர நாளாவும். பாப்பா மூணு மணி நேரத்துக்கொருக்கா குடிக்குதுக்கா."

"நான் போய் சொன்னா..."

"எல்லாத்தயும் சொல்ல வேண்டாம். ஒண்ணே ஒண்ணு போதும். தண்ணியக் கொதிக்க வச்சு, கொஞ்சம் அடங்குனதும் சுடச்சுட ஊத்திக் கலக்கச் சொல்லுங்க. பொறவு ஆத்திக் குடுக்கட்டும். அந்தச் சூட்டுல கிருமி செத்துரும். கவிப்பிரியா வெதுவெதுப்பாத்தான் கலக்குது, நான் பாத்திருக்கேன்."

8

முடிவுகள் நிறைய எழுதினேன்.

ஒன்றில் நான் நேரே போய் எல்லாவற்றையும் சொல்கிறேன். பாஞ்சாலி அழுகிறாள், முத்துச்செல்வியைக் கூட்டிவருகிறாள். இந்த முடிவில் நான் ரொம்ப நன்றாக இருக்கிறேன். அதனாலேயே கிழித்தேன்.

இன்னொன்றில் நான் சொல்லவில்லை, ஒன்றும் நடக்கவில்லை. பாப்பா இந்நேரம் பள்ளிக்கூடம் போகிறாள். இதுதான் அதிகம் நடக்கக்கூடியது. நரசிம்மனும் இதைத்தான் நம்பியிருந்தார்.

மூன்றாவது "அன்று சாயங்காலம் பாப்பா பால் குடிக்காமல் சுருண்டு" என்று ஆரம்பித்து அங்கேயே நிற்கிறது.

இதில் எது நடந்தது என்று சொல்லப்போவதில்லை. குழந்தை நன்றாக இருந்தது என்று சொன்னால், நான் வாயை மூடியது சரிதான் என்று ஆகிவிடும். இரண்டாவது முப்பதும் சுத்தமாக வந்தது போல. ஆகவே அன்று நான் செய்ததை மட்டும் சொல்லி விலகிக்கொள்கிறேன்.

கடையைச் சாத்திவிட்டுப் போனேன். அந்த ஒற்றை வாக்கியத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பாஞ்சாலி என்னைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வாக்கா. நீ மட்டும் எடுத்துச் சொல்லலன்னா அந்தப் பொம்பள இன்னும் எங்க வூட்லதான் இருந்திருப்பா. எங்கொலத்தையே காப்பாத்தின."

காப்பி வந்தது. குடித்தேன். இத்தனை வருஷத்தில் இந்தத் தெருவில் எனக்கு ஒருவர் நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. காப்பி தொண்டையில் இறங்க இறங்க, அந்த வாக்கியமும் இறங்கியது. சுடுதண்ணியில் கலக்கு என்றால், யார் சொன்னது என்பாள். யார் என்றால், ஏன் என்பாள்.

கவிப்பிரியா அடுக்களையிலிருந்து பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே வந்தாள். "இன்னாக்கா, அதிசயமா வந்து கீற? எதுனா சேதியா?"

சேதியா என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஒண்ணுமில்லடி," என்றேன். "மழ வரும்போல கீது. மாடில துணி காயுது பாரு."

"ஐயோ, ஆமாக்கா! எம்மா, கொயந்தயக் குடு அக்காகிட்ட. இந்தாக்கா, இத்தப் புடி, அயுதா வாயில வையி. தோ வந்துட்டேன்." பாட்டிலை என் கையில் திணித்துவிட்டு மாடிக்கு ஓடினாள். பாஞ்சாலி பாப்பாவை என் மடியில் கிடத்திவிட்டு அவளும் பின்னால் போனாள்.

பாட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. பாப்பாவுக்குப் புருவம் இன்னும் சரியாக முளைக்கவில்லை. மாடியில் கொடியிலிருந்து ஒவ்வொரு துணியாக உருவுவது கேட்டது. பாப்பா முகத்தைச் சுருக்கி, தலையைத் திருப்பி, வாயால் தேடியது.

எழுதுவதை இங்கே நிறுத்துகிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். குழந்தையைப் பிடியுங்கள். கழுத்துக்குக் கீழே கை கொடுங்கள், தலை இன்னும் நிற்கவில்லை. இந்தாருங்கள், பாட்டில்.