திட்டு வாங்கிய நாள்

அருள்புரத்துப் பனியன் கம்பெனி ஒன்றில், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஜெபமலர், நாற்பது டீ-சர்ட்டுகளில் சைஸ் லேபிளை மாற்றித் தைத்துவிட்டாள். சூப்பர்வைசர் கனகராசு அவற்றை அள்ளி வந்து அவள் முன்னால் கொட்டினார்.

"ஏனுங்க, மூளைய ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டீங்களா? உங்களுக்கெல்லாம் எதுக்குங்க வேலை?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. இப்படி ஒரு சொல் பொறுக்காமலே மூன்று கம்பெனிகளை விட்டு ஓடியிருந்தாள். கோவையில் ஒரு மருத்துவர் போன மாதம்தான் அதற்குப் பெயர் சொன்னார்: ஏடிஹெச்டி. கவனம் சிதறும், யாராவது குறை சொன்னால் தாங்க முடியாமல் வலிக்கும் என்றார். பொறுப்பில்லாதவள் என்று முப்பது வருடம் கேட்டவளுக்கு அன்று நிம்மதியைவிடக் கோபமே அதிகம் வந்தது.

பையை எடுத்துக்கொண்டு கேட் வரை போனவளுக்கு அந்தக் கோபம் மறுபடி மூண்டது. நான் ஏன் ஓட வேண்டும்?

திரும்பி வந்தாள். கனகராசு முன்னால் போய் நின்றாள்.

"சார், லேபிள் மாறுனது என் தப்பு. நானே பிரிச்சுத் தைக்கேன். தப்ப மட்டும் சொல்லுங்க. என் மூளையப் பத்திப் பேச உங்களுக்கு யாரு உரிமை கொடுத்தா?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"சரிங்க, சாயங்காலத்துக்குள்ள முடிச்சுருங்க" என்று கனகராசு நகர்ந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை.

அந்தச் சொல் இன்னும் சுட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு லேபிள்களைப் பிரித்தாள். திட்டு வாங்கிய நாளில் வேலை முடியும்வரை அவள் இருந்தது அதுதான் முதல் தடவை.