மேஜை மேல் நின்ற குண்டு

அந்தத் தங்கம் உருக்கும் ஆலையில் அவருக்குப் பெயர் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக இடுப்பில் கைத்துப்பாக்கியோடு காவல் நிற்கிறார், புதிதாகச் சேரும் காவலர்களுக்கு மாதம் ஒருமுறை பாதுகாப்பு வகுப்பும் எடுக்கிறார். வகுப்பை எப்போதும் ஒரே வசனத்தில்தான் ஆரம்பிப்பார். "தானா வெடிச்சிருச்சுன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. விசையில ஒரு விரல் இருந்திருக்கும். அந்த விரலுக்குச் சொந்தக்காரன் ஒருத்தன் இப்ப முழிச்சுக்கிட்டு நிப்பான்." எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். தனக்கு அது நடக்கவே நடக்காது என்று நினைப்பவரின் சிரிப்பு அது.

காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு மணி வரை காவல் பார்ப்பது அவருடைய மாப்பிள்ளை, மகளைக் கட்டியவர். இரண்டு மணிக்கு அவரிடமிருந்து துப்பாக்கியை வாங்கிக் காவலுக்கு நிற்பவர் வாத்தியார். இரண்டு வருஷத்துக்கு முன் வாத்தியார்தான் மேலாளரிடம் சொல்லி வேலையில் சேர்த்துவிட்டார். நல்ல மனுஷன், ஆனால் கையில் ஒரு பொருள் நிற்காது. தட்டு, டம்ளர், சாவிக்கொத்து எதுவாக இருந்தாலும் ஒருதரம் தரையைப் பார்த்துவிட்டுத்தான் மேலே வரும். மாமனார் பக்கத்தில் நின்றால் கூடுதலாக இரண்டு சாமான் விழும். கூட இருப்பவர்கள் அவருக்குக் கைநழுவி என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆனால் துப்பாக்கி விஷயத்தில் அந்தக் கைநழுவியை யாரும் குறை சொல்ல முடியாது. தன் கையைப் பற்றித் தனக்கே தெரிந்திருந்ததால், ஒவ்வொன்றையும் நிறுத்தி நிதானமாகச் செய்வார். வேலை மாறும்போது முதலில் குண்டு நிரப்பிய மேகசினைக் கழற்றி மேஜையில் வைப்பார். பிறகு துப்பாக்கியின் மேல் தண்டைப் பின்னால் இழுத்து, குழலின் அடியில் உள்ள சின்ன அறைக்குள் ஏறியிருக்கும் ஒற்றைக் குண்டை வெளியே எடுப்பார். உள்ளே எட்டிப் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் பார்ப்பார். எடுத்த குண்டை மேகசின் பக்கத்தில் நிமிர்த்தி நிற்க வைப்பார். குண்டு ஆடாமல் நின்ற பிறகுதான் வாயிலிருந்து "காலி" என்ற சொல் வரும். "என்ன மாப்பிள்ளை, குண்டுக்கு அட்டென்ஷன் சொல்லிக் குடுக்குறீங்களா?" என்று வாத்தியார் கேலி செய்வார்.

அதை வாங்கிக்கொள்ளும் காவலர் இன்னொரு முறை சோதிக்க வேண்டும். பிறகு மூலையில் இருக்கும் மணல் பீப்பாயை நோக்கிப் பிடித்து ஒருதரம் விசையை அமுக்கிக் காலி என்று உறுதி செய்ய வேண்டும். அதன் பிறகுதான் அந்தத் தனிக் குண்டையும் மேகசினில் சேர்த்துத் துப்பாக்கியில் போடுவது. தப்பித்தவறி வெடித்தாலும் மணல் வாங்கிக்கொள்ளும். ஆனால் வருஷக்கணக்காக எதுவும் வெடிக்காததால், அந்தப் பீப்பாய் மேல் ஒரு பலகை ஏறியது. பலகை மேல் ஹெல்மெட், சாப்பாட்டுப் பை, செய்தித்தாள் எல்லாம் ஏறின. முதல் ஹெல்மெட்டை வைத்த புண்ணியவான் வேறு யாரும் இல்லை, நம் வாத்தியார்தான். அதன் பிறகு எல்லோரும் பீப்பாய்க்குப் பதிலாகச் சுவரைப் பார்த்தே அமுக்கினார்கள். அது சுவரும் இல்லை, ஒட்டுப்பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம்தான் டீ போடும் அறை.

அன்றைக்கு மாப்பிள்ளை வழக்கம்போல எல்லாம் செய்து, குண்டை நிற்க வைத்து, "காலி மாமா" என்று சொல்லிவிட்டு, அலமாரிகளுக்குப் பின்னால் சட்டை மாற்றப் போனார். வாத்தியார் துப்பாக்கியை எடுத்துச் சோதித்தார். காலிதான். அந்த நேரம் பார்த்து வாசல் போன் அடித்தது. லாரி வந்து நிற்கிறது, கதவைத் திற என்று ஓட்டுநர் உயிரை வாங்கினான். "இருப்பா, வரேன்" என்று போனைத் தோளில் இடுக்கிப் பதில் சொல்லும்போதே கை தன் பாட்டுக்கு மேகசினைச் செருகி, மேல் தண்டை இழுத்து விட்டது. ஒரு குண்டு அறைக்குள் ஏறிவிட்டது. துப்பாக்கியை மேஜையில் வைத்துவிட்டுப் போய்க் கதவுக்கான பொத்தானை அமுக்கினார், லாரிக்காரனை நாலு வார்த்தை திட்டினார், திரும்பி வந்தார்.

வந்து பார்த்தால் மேஜை மேல் குண்டு நிமிர்ந்து நிற்கிறது. அது நின்றால் துப்பாக்கி காலி என்று அர்த்தம். இரண்டு வருஷமாக அவருடைய கண் அப்படித்தான் பழகியிருந்தது. விசையை அமுக்கும் வேலை இன்னும் பாக்கி என்று எடுத்தார், தடுப்பை நோக்கிப் பிடித்தார், அமுக்கினார்.

சின்ன அறையில் அந்தச் சத்தம் மண்டைக்குள் இறங்கியது. அடுத்த நொடியே தடுப்புக்கு அந்தப் பக்கம் டீக்கார அக்கா அலறினாள். வாத்தியாரின் வாய் தானாகத் திறந்தது.

"என்ன மாப்பிள்ளை, காலின்னீங்களே!"

பொத்தான் போடாத சட்டையோடு ஓடிவந்த மாப்பிள்ளை, மாமனார் முகத்தைக்கூடப் பார்க்காமல் நேராக டீ அறைக்குள் பாய்ந்தார். வாத்தியார் தனியாக நின்றார். துப்பாக்கியில் இன்னும் குண்டு இருக்கிறது, முதலில் அதை எடுக்க வேண்டும். வகுப்பில் சொல்வது போலவே மேகசினைக் கழற்றினார், தண்டை இழுத்தார், வெடித்ததும் தானாக அறைக்குள் ஏறியிருந்த அடுத்த குண்டு கையில் விழுந்தது. அதுவரை அவர் செய்ததை மன்னிக்கலாம். பதற்றத்தில் வாய் உளறியது என்றுகூட வைத்துக்கொள்ளலாம். ஆனால் கையில் விழுந்த குண்டையும், மேஜை மேல் மாப்பிள்ளை நிறுத்தி வைத்த குண்டையும் எடுத்து, ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் மேகசினுக்குள் அழுத்தினார் பாருங்கள், அது உளறல் இல்லை. துப்பாக்கிக்கு மொத்தம் பத்து குண்டு. இப்போது மேகசினில் ஒன்பது, வெடித்தது ஒன்று. அறைக்குள் இருந்த குண்டை எடுக்காமலே மாப்பிள்ளை காலி என்று சொல்லியிருந்தால் என்ன கணக்கு வருமோ, அதே கணக்கு.

டீக்கார அக்கா கீழே விழுந்த டம்ளரை எடுக்கக் குனிந்திருந்தாள், அதனால் பிழைத்தாள். அவள் தலை இருந்திருக்க வேண்டிய உயரத்தில் குண்டு தடுப்பைத் துளைத்து ஃபிளாஸ்க்கை உடைத்திருந்தது. கொதிக்கும் டீ முழங்கை வரை கொட்டி, தோல் வழன்றுவிட்டது. மாப்பிள்ளை குழாயடியில் அவள் கையைப் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டே, "மன்னிச்சிருங்கக்கா, மன்னிச்சிருங்க" என்று அழுதார். மாமனாரின் ஒரு வார்த்தையிலேயே தான்தான் குற்றவாளி என்று ஒப்புக்கொண்டிருந்தார்.

மேலாளர் வந்து குண்டுகளை எண்ணினார். ஒன்பது. "நீங்க மறுபடி பாத்திருக்கணும் வாத்தியாரே. ஆனா வீட்டு மனுஷன் சொன்னா நம்பத்தானே செய்வோம்?" என்றார். வாத்தியார் தலையை ஆட்டினார். மாப்பிள்ளைக்கு இனிமேல் துப்பாக்கி கிடையாது, மாதக் கடைசியோடு வேலையும் கிடையாது, நாளைக்கு எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று தன் தப்பைச் சொல்ல வேண்டும் என்று முடிவானது.

வீடு ஒன்றுதான். கீழே வாத்தியாரும் மனைவியும், மாடியில் மகளும் மாப்பிள்ளையும் எட்டு மாதக் கைக்குழந்தையும். அன்றைக்கு வாத்தியாரையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சாயங்காலம் மாப்பிள்ளை மாடிப்படியில் உட்கார்ந்து, பேனா மூடி ஒன்றைப் படியில் நிமிர்த்தி வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். வாத்தியார் பூனை போல நழுவப் பார்த்தார்.

"மாமா, ஒரு சந்தேகம். குண்டை எடுத்து நிக்க வெச்ச மாதிரியே எனக்கு ஞாபகம் இருக்கு. வெக்கும்போது டக்குனு கேட்ட சத்தம்கூட காதுலயே இருக்கு. அது எப்படி மாமா?"

சொல்லியிருக்கலாம். அந்தப் படிக்கட்டில் வேறு யாரும் இல்லை. "அது முந்தாநேத்து ஞாபகமா இருக்கும் மாப்பிள்ளை. தினமும் ஒரே வேலையைச் செஞ்சா நாள் குழம்பிப் போயிடும்" என்றார் வாத்தியார். சொல்லும்போது குரலில் வகுப்பெடுக்கும் கனிவு வேறு.

"அப்படித்தான் இருக்கும்" என்றார் மாப்பிள்ளை. "இனிமே என் ஞாபகத்தையே நம்ப முடியாது போல."

உள்ளே குழந்தை அழுதது. மாப்பிள்ளை எழுந்து போய்த் தூக்கினார். மகள் அடுக்களையிலிருந்து ஓடிவந்து, "குடுங்க இப்படி, இவளையும் கீழ போட்டுராதீங்க" என்று வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. வேலை போன ஆத்திரம். வேறு நாளாக இருந்தால் மாப்பிள்ளை சிரித்துச் சமாளித்திருப்பார், இல்லை கோபப்பட்டிருப்பார். இப்போதோ தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அன்றைக்கு இரவு வாத்தியார் சாப்பிட உட்கார்ந்தார், ஒரு வாய் உள்ளே போகவில்லை. "மருமகனுக்காக இப்படி உருகுறீங்களே" என்று மனைவி ஆறுதல் சொன்னது அதைவிடக் கேவலமாக இருந்தது.

மறுநாள் காலை பன்னிரண்டு காவலர்களும் உட்கார்ந்திருந்தார்கள். டீக்கார அக்கா கட்டுப்போட்ட கையோடு கதவருகில் நின்றாள். மாப்பிள்ளை எழுந்து, மனப்பாடம் செய்ததைப் போல, "அறைக்குள்ள இருந்த குண்டை எடுக்காம காலின்னு சொல்லிட்டேன். விரல் விட்டுப் பாக்கல. அக்காவைக் கொன்னிருப்பேன்" என்றார்.

"அவர் பாத்தாரு" என்றார் வாத்தியார்.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் உட்கார்ந்தபடியே பேசினார். "அவர் காலியாத்தான் குடுத்தாரு. நான் சோதிச்சேன், காலிதான். போன் வந்துச்சு. பேசிக்கிட்டே நான்தான் மேகசினைப் போட்டு இழுத்துட்டேன். திரும்பி வந்து மறந்துபோய் அமுக்கிட்டேன். அவர் மேல பழியைப் போட்டதும் நான்தான்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாத்தியாரே, உங்க பெரிய மனசு எங்களுக்குத் தெரியும். ஆனா மேகசின்ல ஒன்பது குண்டை நானே எண்ணினேன். நீங்க சொல்ற மாதிரி நடந்திருந்தா அவர் எடுத்த குண்டு மேஜை மேல நின்னிருக்கும், மேகசின்ல ஒன்பது இருக்காது."

"மகளோட வாழ்க்கைன்னா எந்த அப்பன்தான் பழியை ஏத்துக்க மாட்டான்?" என்றாள் டீக்கார அக்கா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. பின் வரிசையில் யாரோ கைதட்ட, இன்னும் நாலு பேர் சேர்ந்து தட்டினார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது வாத்தியாருக்கு. உண்மையைச் சொன்ன பிறகும் இன்னும் உயரத்தில் தூக்கி வைக்கிறார்களே, இறங்குவது எப்படி?

மாப்பிள்ளை அருகில் வந்து அவர் தோளைத் தொட்டார். "வேண்டாம் மாமா. எனக்காகப் பொய் சொல்லாதீங்க. நான் தாங்கிக்குவேன்."

அந்தக் கையின் பாரம் தாங்க முடியாமல் வாத்தியார் எழுந்துவிட்டார். "மாப்பிள்ளை, நீங்க அந்தக் குண்டை மேஜை மேல நிமிர்த்தி வெச்சீங்க. முந்தாநேத்து இல்ல, நேத்துதான். நீங்க அக்காவைப் பாக்க ஓடுனப்போ, நான் அதை எடுத்து மேகசின்ல அமுக்கிட்டேன். துப்பாக்கியிலேருந்து விழுந்ததையும் சேத்து அமுக்கினேன். கணக்கு ஒன்பது வரணும்னுதான் அமுக்கினேன்."

தோளில் இருந்த கை மெல்ல விலகியது.

"அதைத்தானே மாமா நேத்து படிக்கட்டுல கேட்டேன்?"

"ஆமா."

"முந்தாநேத்து ஞாபகம்னீங்க."

"ஆமா மாப்பிள்ளை."

இப்போது யாரும் கைதட்டவில்லை. டீக்கார அக்கா கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு வாத்தியாரை ஏற இறங்கப் பார்த்தாள். மாப்பிள்ளை பையிலிருந்து போனை எடுத்தார். அது நழுவவில்லை. மனைவியைக் கூப்பிட்டார்.

"நான்தான் பேசறேன். பாப்பா முழிச்சிருக்காளா? சாயங்காலம் வந்து நானே தூக்கிக்கிறேன். ஆமா, நான்தான். கீழ போட மாட்டேன்." கொஞ்சம் கேட்டார். "அழல, ஒண்ணுமில்ல. ஏன்னு கேக்குறியா? அதை உங்கப்பாகிட்டயே கேளு."

போனை நீட்டினார். வாத்தியார் வாங்கிக் காதில் வைத்தார். பன்னிரண்டு பேர் முன்னால் சொன்னதை இனி இந்த ஒருத்தியிடம் சொல்ல வேண்டும்.

"அப்பா?" என்றாள் மகள். "அவருக்கு என்னப்பா ஆச்சு? நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க?"