குருட்டுப் பூதத்தின் கண்கள்

புயல் ஓய்ந்த மறுநாள் காலை, அத்தான் ஈரச் சட்டையோடு வந்து கதவைத் தட்டியபோது சின்னவள் பல் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"முனைப்பாறை சரிஞ்சு கிடக்கு. உள்ளேருந்து ஒரு வாய் நீட்டிக்கிட்டிருக்கு. பல்லு ஒவ்வொண்ணும் என் கையளவு!"

அத்தான், அவள் அக்காவின் புருஷன், படகு இன்ஜின் பழுதுபார்ப்பவர். ஒன்றைப் பத்தாக்கிச் சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஊரில் ஆளில்லை. ஆனால் அன்றைக்கு அவர் குரலில் விளையாட்டு இல்லை. உதடு உலர்ந்திருந்தது.

சின்னவளுக்கு அருங்காட்சியகத்தில் வேலை. பாறைக்குள் புதைந்த எலும்புகளைப் பிரித்தெடுத்து ஆராய்பவள். இரண்டு பெண்களில் இளையவள் என்பதால் வந்த அழைப்பு, நாற்பதை நெருங்கியும் அவளை விட்டுப் போகவில்லை. அக்கா வீடும் அவள் வீடும் அடுத்தடுத்த தெரு. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் அத்தானுக்கும் அவளுக்கும் ஒரு சண்டை நடக்காமல் இருக்காது. எல்லாம் அந்தக் குருட்டுப் பூதத்தைப் பற்றித்தான்.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது. முனைப்பாறைக்கு அடியில் ஒரு பூதம் கிடந்தது, படகுகளை முழுசாக விழுங்கியது. புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி, அது வெயிலில் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, இரண்டு கண்ணிலும் கல்லைத் திணித்து அடைத்துவிட்டாள்.

"ஆழத்துல ஒண்ணு ரெண்டு மிச்சம் இருக்கக் கூடாதா என்ன?" என்பார் அத்தான்.

"அந்தக் கடல் ராட்சசங்க எல்லாம் ஆறு கோடி வருஷத்துக்கு முன்னாடியே பூண்டோட அழிஞ்சு போச்சு. அப்போ மனுஷன்னு ஒருத்தனே கிடையாது."

"அப்ப கதை எப்படி வந்துச்சு? காத்துல வந்துச்சா?"

"எலும்பைப் பார்த்திருப்பாங்க அத்தான். பாறை எப்பவோ சரிஞ்சு, மண்டையோடு தெரிஞ்சிருக்கும்."

"பார்த்தாங்கன்னு நீ பார்த்தியா?"

அக்கா நடுவில் புகுந்து, "ரெண்டு பேரும் பேசாம சாப்பிடுங்க, பூதமே ஓடிப் போயிடும்," என்பாள்.

சின்னவள் அருங்காட்சியக இயக்குநருக்குப் போன் செய்தாள். புயலில் நெடுஞ்சாலையில் மரங்கள் விழுந்து கிடந்தன. ஆட்கள் வந்து சேர மாலையாகிவிடும் என்றார் அவர். அன்று பௌர்ணமி. மதியத்துக்குப் பிறகு ஏறும் தண்ணீர் சரிந்த பாறையை அப்படியே வாரிக்கொண்டு போய்விடும்.

"நீங்க தனியா இறங்காதீங்க," என்றார் இயக்குநர்.

"தனியா இல்ல சார். துணைக்கு ஆள் இருக்கு," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அக்காவிடம் சொல்லவில்லை. அவள் பள்ளிப் பேருந்து ஓட்டப் போயிருந்தது வசதியாகப் போயிற்று.

கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. முனையைச் சுற்றிக் கால் நனையாமலே நடந்தார்கள். அத்தான் தோளில் ஒரு கடப்பாரை இருந்தது. பாறைச் சுவர் கறுத்து, ஈரம் கசிய, தலைக்கு மேல் முன்னுக்குத் தள்ளி நின்றது. அவ்வப்போது ஒரு கைப்பிடி மண் சலசலவென்று உதிர்ந்தது. ஒவ்வொரு தடவையும் இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

அத்தான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. ஆள் நீள மண்டையோடு, முதலையின் முகத்தைப் போல மூக்கு நீண்டு, பாறையிலிருந்து பாதி வெளியே வந்து மணலைப் பார்த்துக் கிடந்தது. இருபது வருடத் தொழிலில் இப்படி ஒன்றைச் சின்னவள் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் பார்த்திருக்கிறாள்.

கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மூக்கிலிருந்து படம் எடுத்துக்கொண்டே வந்தாள். கண்குழிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

"அத்தான், இங்க வாங்க."

"என்ன?"

"இந்தக் குழிக்குள்ள என்ன தெரியுதுன்னு நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

அவர் குனிந்தார். உருண்டையான சாம்பல் நிறக் கூழாங்கற்கள். ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கித் திணித்து, இடுக்குகளில் மஞ்சள் களிமண் வைத்து அப்பியிருந்தது. சுற்றியிருந்த பாறையோ கன்னங்கரேல் என்று இருந்தது. சின்னவள் மறுபக்கம் ஓடிப் பார்த்தாள். அந்தக் கண்ணும் அப்படியே அடைபட்டிருந்தது. காய்ந்து இறுகிய களிமண்ணில் நான்கு பள்ளங்கள். தன் விரல்களை அவற்றின் மேல் வைத்தாள். பொருந்தின.

யாரோ ஒருத்தர் இங்கே நின்றிருக்கிறார். பயத்தில் நடுங்கிக்கொண்டே, இது செத்ததா உயிரோடு இருக்கிறதா என்று தெரியாமல், கைநிறையக் கல்லை வாரித் திணித்திருக்கிறார். அதன் பிறகு மறுபடி பாறை சரிந்து எல்லாவற்றையும் மூடியிருக்கிறது.

"நான் சொன்னேன்ல," என்றார் அத்தான் மெதுவாக. உடனே தலையைச் சொறிந்துகொண்டு, "இல்ல, நீ சொன்னதுதான்," என்றார்.

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அண்ணாந்து பார்க்க மறந்துவிட்டார்கள்.

சத்தம் கேட்கும் முன்பே பாறை வந்து விழுந்தது. புழுதி அடங்கியபோது சின்னவள் மணலில் குப்புறக் கிடந்தாள். அத்தான் மண்டையோட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கதவு அகலப் பலகைக்கல் ஒன்று அவருடைய வலது முழங்காலுக்குக் கீழே அழுத்திக்கொண்டு நின்றது.

"வலிக்குதா?"

"வலிச்சா பரவாயில்லையே. ஒண்ணும் தெரியல."

போனில் சிக்னல் இல்லை. ஓடிப்போய் ஆள் கூட்டிவர நேரமும் இல்லை. முனையின் கடைசிப் பாறையில் அலை மோதத் தொடங்கியிருந்தது. கடப்பாரையைக் கல்லுக்கடியில் செருகி நெம்பினாள். கல் அசைந்தது, ஆனால் நகரவில்லை. அதன் ஒரு முனை பூதத்தின் தாடையில் முட்டிக்கொண்டிருந்தது. தாடை விலகினால்தான் கல் சரியும்.

முதல் அலை வந்து அத்தானின் இடுப்பை நனைத்துவிட்டுப் போனது.

"வேற பக்கம் நெம்பிப் பாரு," என்றார் அவர். அவருக்கும் புரிந்துவிட்டது.

வேறு பக்கம் நெம்பினாள். கையால் மணலைத் தோண்டினாள். தோண்டத் தோண்டத் தண்ணீர் வந்து மூடியது. தாடையை உடைக்காமல் வழியில்லை என்று முதல் நெம்பலிலேயே அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தோண்டிக்கொண்டிருந்தாள். அடுத்த அலை அத்தானின் மார்புக்கு வந்தபோதுதான் அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். எப்போதும் ஏதாவது பேசும் அந்த வாய் இறுக மூடியிருந்தது.

"முகத்தை மூடிக்கோங்க!"

கடப்பாரையைத் தலைக்கு மேல் தூக்கி ஓங்கி இறக்கினாள். தாடையில் விரிசல் ஓடியது. மறுபடி அடித்தாள். அவள் கத்திக்கொண்டே அடித்தாள் என்று பிறகு அத்தான் சொன்னார், அவளுக்கு நினைவில்லை. தாடை இரண்டாகப் பிளந்தது, மண்டையோடு ஒருபக்கமாகச் சாய்ந்தது, கண்ணிலிருந்த கற்கள் பொலபொலவென்று தண்ணீரில் கொட்டின. பலகைக்கல் சரிந்தது.

அவரை அக்குளில் பிடித்து இழுத்தாள். கால் துணிபோலத் தொங்கியது. இப்போது அவர் அலறினார். அந்த அலறல் அவளுக்குத் தெம்பாக இருந்தது. முனையைச் சுற்றும்போது தண்ணீர் கழுத்துக்கு வந்தது. ஓர் அலை இருவரையும் புரட்டிப் போட்டது. கேமரா அந்த அலையோடு போயிற்று. மேட்டுப் பாறையில் ஏறிப் படுத்த பிறகுதான் கழுத்து வெறுமையாக இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

அக்கா மருத்துவமனைக்கு வந்தாள். புருஷனின் காலைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரு வாரம் பேசவும் இல்லை. வேளை தவறாமல் தங்கைக்குச் சாப்பாடு மட்டும் கொண்டுவந்து, டக்கென்று மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

இயக்குநரும் ஆட்களும் சல்லடை போட்டுத் தேடினார்கள். ஏழெட்டுப் பற்களும் முதுகெலும்புத் துண்டு ஒன்றும் கிடைத்தன. கரையெல்லாம் கூழாங்கல், கண்ணில் இருந்தவை எவை என்று யாரால் சொல்ல முடியும்?

"படம் ஏதாவது?"

"இல்ல சார்."

"நீங்க சொல்றதை நான் நம்பறேன். ஆனா அதை எழுத முடியாது."

"தெரியும் சார்," என்றாள் சின்னவள்.

அத்தானின் காலை எடுக்க வேண்டியிருக்கவில்லை. கம்பி வைத்துத் தைத்தார்கள். நடைப்பயிற்சிக்கு அவரை உள்ளே அனுப்பிவிட்டு, ஒரு நாள் அவள் வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். பக்கத்தில் கையில் மாவுக்கட்டுப் போட்ட ஓர் அம்மாள்.

"உள்ளே போறாரே, அவருதான். பூதம் காலைக் கவ்விடுச்சாம்," என்றாள் அந்த அம்மாள் தாழ்ந்த குரலில்.

சின்னவள் நிமிர்ந்தாள். "எந்தப் பூதம்?"

"குருட்டுப் பூதம்தான். புயல்ல பாறை உடைஞ்சதும் வெளிய வந்துடுச்சு. பொண்டாட்டி தங்கச்சி ஒருத்தி கூடவே போயிருக்கா. கடப்பாரையை வாய்க்குள்ள விட்டு, தாடையை ரெண்டாப் பிளந்துட்டாளாம்! இல்லன்னா மனுஷன் போயிருப்பாரு."

'அது வெறும் எலும்பும்மா' என்று சொல்ல வாய் திறந்தாள் சின்னவள். அந்த அம்மாளின் கண்கள் விரிந்து பளபளத்தன. உள்ளேயிருந்து அத்தான் பல்லைக் கடித்து முனகுவது கேட்டது. கடப்பாரை தாடையில் இறங்கியபோது உள்ளங்கையில் ஏறிய அதிர்வு இன்னும் அவளை விட்டுப் போகவில்லை.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

அந்த அம்மாள் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.