ஆறு பாதி பேக்கப்

அந்த போட்டோ ஸ்டுடியோவில் மாமனார் சொல்வதுதான் சட்டம். மருமகள் சொல்வது, மிஞ்சிப்போனால், ஒரு யோசனை. படம் எடுப்பது அவர். கம்ப்யூட்டரைக் கட்டி மேய்ப்பது அவள்.

ஒரு மதியம், எடுத்த படங்களைப் பத்திரப்படுத்தப் போனால் பேக்கப் டிஸ்க்கில் இடமில்லை என்று வந்தது. மாமனாருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"பார்த்தியாம்மா நம்ம உழைப்பை. டிஸ்க்கே தாங்கலை."

அவளுக்குப் பொறி தட்டியது. அவ்வளவு பெரிய டிஸ்க் அதற்குள் நிறைய வழியே இல்லை. திறந்து பார்த்தாள். ஆறு பேக்கப் கிடந்தன. ஆறும் பாதியில் நின்றவை. மாதக் கடைசியில் சாயங்காலமாக பேக்கப் ஓடத் தொடங்கும். கடை சாத்தும்போது மாமனார், கரண்ட் வீணாகக்கூடாதென்று மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். அடுத்த மாதம் அது பழையதைச் சீண்டாமல் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

"மாமா, இதுல ஒண்ணுகூட முழுசில்லை. அழிச்சிட்டா இடம் கிடைக்கும்."

"அழிக்கிறதா?" மாமனார் நெஞ்சில் கை வைத்தார். "ஆறு பாதியைச் சேர்த்தா மூணு முழுசு வருதேம்மா."

"ஆறுலயும் அதே முன்பாதிதான் மாமா. ஸ்டுடியோ ஆரம்பிச்ச காலத்துப் படமெல்லாம் ஆறாறு தடவை இருக்கு. இந்த வருஷக் கல்யாணம் ஒண்ணுகூட இல்லை."

பஞ்சாயத்துக்கு மகனைக் கூப்பிட்டார். அவன் வந்து அப்பாவுக்கு ஒரு தலையாட்டல், பெண்டாட்டிக்கு ஒரு தலையாட்டல் போட்டுவிட்டு டீ குடிக்க நழுவினான்.

"கம்ப்யூட்டர் படுத்துடுச்சுன்னா என்ன மாமா பண்ணுவோம்? போன மாசம் கல்யாணம் பண்ணவங்களை மறுபடி பண்ணிக்கச் சொல்வீங்களா?"

மாமனாரின் குரல் இறங்கியது. "சரி, அழி. ஆனா நான் வெளியே போனப்புறம்."

அவர் தெருமுனை தாண்டியதும் ஆறையும் அழித்தாள். புது பேக்கப்பை ஓடவிட்டு, மெயின் சுவிட்சின் மேல் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டினாள்.

மறுநாள் காலை பேக்கப் முழுதாக முடிந்திருந்தது. மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி.

"இவ்வளவுதானா?" என்றார். "ஓடி ஓடி எடுத்ததெல்லாம் பாதி டிஸ்க்குக்குக்கூடக் காணலையா?"

அவர் முகம் தொங்கிப்போனதைக் கண்டு அவளுக்கே பாவமாக இருந்தது. "படம் நிறையத்தான் மாமா. டிஸ்க்தான் ரொம்பப் பெருசு."

அவர் சமாதானமாகவில்லை. தாடையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "வேற டிஸ்க் ஒண்ணு வாங்கி அதுலயும் இதே மாதிரி போட்டு வைம்மா. ரெண்டா இருந்தா கொஞ்சம் கௌரவமா இருக்கும்."

இரண்டு இடத்தில் இருந்தால்தான் பத்திரம் என்று சொல்ல அவள் எத்தனையோ நாளாக வாயெடுத்து வாயெடுத்து மூடியிருந்தாள்.

"நல்ல யோசனை மாமா," என்றாள்.

அன்றைக்குப் படமெடுக்க வந்தவர்கள் அத்தனை பேரும் அந்த யோசனையை நின்று கேட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.