நினிவேயின் கடைசி வரி

...செருப்புப் போடாமல் நடந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா, அப்படியானால் அந்தோணி மேரியும் இப்போதே செருப்பைக் கழற்றி வாய்க்காலில் வீசிவிட்டு வில்லியனூர் வரைக்கும் நடக்கத் தயார், அல்போன்ஸ் எழுந்து வந்துவிடுவாரா, வரமாட்டார், அவர் கோயிலுக்குப் பின்னால் கல்லறையில் படுத்திருக்கிறார், கட்டின புருஷனை அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்தவன் இதோ ஆண்கள் பக்கத்தில், பெஞ்சில்கூட உட்காராமல் தரையில் முழங்காலில் நிற்கிறான், வெறுங்காலும் தாடியுமாக, லியோ பிரகாஷ். தவக்காலப் புதன்கிழமைப் பூசை, கோயில் நிறைந்துதான் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்த ஜெயசுதா சும்மா இருந்தாளா, காதோரம் குனிந்து, "அவனப் பாத்தியாக்கா, சாம்பல் புதன்லேர்ந்து செருப்பே போடல, ஒரு வேளதான் துன்றான், பாவமா இருக்குதுக்கா" என்றாள். பாவமாம். ஒரு வாரம் பட்டினி கிடந்தவன் பாவம், மூன்று வருஷமாக ஒற்றைத் தலையணையில் படுக்கிறவள் என்ன, கல்லா? வாய் திறந்தால் பீடத்துக்கு முன்னாலேயே ஏதாவது வந்து விழுந்துவிடும், இன்றைக்குப் பைபிள் வாசகம் வேறு அவளுடையது.

மார்கழிப் பனி அன்றைக்கு. நைட் ஷிப்ட் முடிந்து அல்போன்ஸ் பைக்கில் வருகிறார், ஏம்பலம் ரோட்டில் கரும்பு டிராக்டர் டயர் வெடித்து நிற்கிறது, பின்னால் விளக்கு இல்லை, சரி, எந்த வண்டிக்குத்தான் இருக்கிறது, ஆனால் இந்தப் பக்கம் கரும்பு ஓட்டுகிற எவனும், எத்தனை அவசரமானாலும், வண்டி நின்றுபோனால் ஓரத்துப் புங்க மரத்தில் ஒரு கிளையை ஒடித்துப் பின்னால் ரோட்டில் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான், பச்சைத் தழையைப் பார்த்ததும் வருகிறவன் கை தானாகப் பிரேக்குக்குப் போகும்... ஒரு கிளை. கை நீட்டினால் ஒடிக்கிற உயரம், அவளே போய் நின்று பார்த்திருக்கிறாள். அதைச் செய்யாமல் ஓட்டிவந்த லியோ குடித்துவிட்டு இன்ஜினுக்குப் பக்கத்திலேயே சுருண்டு தூங்கியிருக்கிறான், அல்போன்ஸ் இருட்டில் நேராகப் பின்னால் போய் மோதினார். கேஸ் வாய்தா வாய்தாவாகப் போகிறது. அது முடிவதற்கு முன்னாலேயே மொட்டை அடித்துக்கொண்டு வேளாங்கண்ணியிலிருந்து நேராக அவள் வாசலுக்கு வந்து நின்றான், "மன்னிச்சிடுக்கா, மாதாகிட்ட அழுதுட்டு வந்தேன், இப்பதான் மனசு லேசாச்சு" என்றான். லேசாச்சாம்! அவள் மனசைக் கேட்டானா, கதவை அவன் முகத்தில் அடித்துச் சாத்தினாள், அந்தச் சத்தம் மட்டும் இன்னும் அவளுக்கு இனிக்கிறது.

முந்தாநாள் தெருக்காரர்கள் ஜெபத்துக்குக் கூடுகிற அன்பியத்தில் வாசகத்துக்கு முறை போட்டபோது அவளுக்கு விழுந்தது யோனா, நினிவே ஊர் அழியப் போகிறது என்று சொல்லக் கடவுள் அனுப்பின இறைவாக்கினர். நினிவேக்காரன் கதை. ஆமோஸ் விழுந்திருக்கக் கூடாதா, அந்த மனுஷன் ஆடு மேய்த்தவர், நீதியை ஆற்று வெள்ளமாய் ஓட விடு என்று பாட்டையும் பலியையும் தள்ளிவிட்டுப் பேசினவர், அவரை வாசித்தால் நாக்குக்கும் நல்லது. இந்த யோனாவைத்தான் எல்லா ஃபாதரும் குறை சொல்கிறார்கள், கடவுள் மன்னித்தால் இவருக்கு ஏன் வயிறு எரிகிறது என்று சிரிக்கிறார்கள். எரியாதா? ஊருக்கு வெளியே போய் வெயிலில் உட்கார்ந்தாரே, அவருக்கு நிழல் கொடுத்த ஆமணக்கையும் கடவுள் புழுவை விட்டுக் கருக்கினாரே, நீ கோபப்படுவது நியாயமா என்றும் கேட்டாரே, ஆமாம், சாகிற அளவுக்கு நியாயம்தான் என்று அவர் சொன்னது அந்தோணி மேரிக்குப் பிடித்திருந்தது, மூஞ்சிக்கு நேராகச் சொன்னார், அவள் பக்கத்து ஆள். நினிவேக்காரன் கொஞ்சமா அக்கிரமம் செய்தான், அவன் வெட்டின வீடுகளுக்குப் போய், அம்மா, இவனை விட்டுவிடலாமா என்று யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? சாக்கைக் கட்டிச் சாம்பலில் உட்கார்ந்தானாம், மாட்டைக்கூடப் பட்டினி போட்டானாம், மாடு என்ன பாவம் செய்தது, உடனே கடவுளுக்கு மனசு மாறிவிட்டதாம். அத்தனை சுலபமா உம்முடைய மனசு, ஆண்டவரே? எனக்கு மட்டும் ஏன் மாறவில்லை, நானும் மூன்று வருஷமாகத்தானே அழுகிறேன்...

கூப்பிட்டுவிட்டார்கள். எழுந்து போனாள், பீடத்துக்குக் குனிந்தாள், மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கினாள். குரல் நன்றாகத்தான் வந்தது, அவள் குரலுக்கென்றே வாசகம் கொடுப்பார்கள். ஊர் அழியப் போகிறது என்று யோனா கத்திக்கொண்டு போகிற இடத்தில் கோயிலே அதிர்ந்தது, அதிரட்டும், அவள் அவனைப் பார்த்துத்தான் வாசித்தாள், தலை நிமிராமல் முழங்காலில் இருந்தான். ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கினான், சாம்பலில் உட்கார்ந்தான், ஒருவேளை கடவுள் மனம் இரங்குவாரோ என்னவோ என்றான்... அதற்குப் பிறகு ஒரே ஒரு வரி, கடவுள் அவர்களை அழிக்காமல் விட்டார் என்கிற வரி. அவள் விரல் அதன் மேல் நின்றது. மாட்டேன், என் வாயால் மாட்டேன், வேண்டுமானால் நீரே இறங்கி வந்து சொல்லும். புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து நிமிர்ந்தாள். "இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு" என்று அந்த வரியை விட்டுவிட்டு வாசகத்தை முடித்தாள்.

"இறைவா, உமக்கு நன்றி" என்றது கோயில், வழக்கம்போல, ஒருவருக்கும் ஒன்றும் குறையவில்லை, ஜெயசுதா முந்தானையைச் சரிசெய்தாள், ஃபாதர் கண்ணை மூடியிருந்தார். அவன் மட்டும் சொல்லவில்லை. தலையை நிமிர்த்தினான். அவனுக்குத் தெரிந்திருந்தது, அந்த வரியைத்தான் இவ்வளவு நேரம் குனிந்தபடி காத்திருந்தான் என்று அந்த முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்தது. கேள், கேட்டுத் தொலை, எங்கேக்கா மிச்சம் என்று எழுந்து நின்று கேள், உன்னை இந்தக் கோயிலே பார்க்க வைத்து ஒரு வழி செய்கிறேன்... அவன் கேட்கவில்லை. அவளையே ஒரு கணம் பார்த்தான், பிறகு, எல்லாரும் சொல்லி முடித்த அமைதியில், தனியாக, "இறைவா, உமக்கு நன்றி" என்றான். சொல்லிவிட்டுத் தரையில் நெற்றி படக் குனிந்துகொண்டான்.

யாரோ இருமினார்கள். பதிலுரைப் பாட்டுக்கு வந்து நின்ற பெண் முழங்கையைத் தொட்டு, "எறங்குக்கா, முடிஞ்சிடுச்சு" என்றாள். அந்தோணி மேரி இறங்கவில்லை. கோபம் போகவில்லை, அது அப்படியே கொதித்துக்கொண்டிருந்தது, ஆனால் இத்தனை நாள் வானத்தைப் பார்த்து, நீர் மன்னிக்காதேயும், நீர் மன்னிக்காதேயும் என்று கத்தியதில் கவனிக்காமலே விட்டது ஒன்று இருந்தது, மன்னிப்புக்காகக் குனிந்த அவன் தலைக்கு மேலே நின்றது கடவுள் இல்லை, அவள்தான்.